சொத்தை விழாத எலிகள்

சோற்றின் வரலாறு – 17

குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் நடத்திய எலிச் சோதனையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1920களில் இந்தியாவின் ஏழு வட்டாரச் சாப்பாடுகளை ஏழு எலிக் கூட்டங்களுக்குப் போட்டு வளர்த்து, அவற்றை எடை போட்டுப் பார்த்தவர் அவர். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று தின்ற சீக்கியர் சாப்பாட்டு எலிகள் முதலிடத்தில் நின்றன. சோறே பெரும்பங்காகவும் பால் பேருக்கு மட்டுமாகவும் கிடைத்த மதராஸி சாப்பாட்டு எலிகள் கடைசிக்குப் போயின. 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் வந்து மேலூர்ப் பக்கம் நெல்வயல் பெருகிய பிறகு, மதுரைச் சமவெளியில் நெல்லை நம்பி வாழ்ந்த எளிய வீடுகளின் தட்டும் அந்தக் கடைசிக் கூண்டின் தட்டும் அதிகம் வேறுபட்டிருக்காது. இதைப் படிக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழுவது இயல்பு. உடம்பே தேறாத சாப்பாட்டில் பல் மட்டும் எப்படித் தேறும்? எலும்பைப் போலப் பல்லும் சுண்ணாம்புச் சத்தால் ஆனதுதானே? சத்துக் குறைந்தால் முதலில் சொத்தை விழ வேண்டியது சோறு தின்பவனுக்குத்தான் என்று அந்தக் காலத்து மருத்துவர்களில் பலர் நினைத்தார்கள். இன்றைக்கும் பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் சொத்தையானால் ‘கால்சியம் பத்தலை’ என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறோம். பல்லின் தாங்குதிறன் பல்லுக்குள்ளேயே சேமித்து வைக்கப்பட்ட சரக்கு என்ற இந்த நம்பிக்கை எப்படி உருவானது, ஆய்வுக்கூட எலிகள் அதை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்தன என்பதுதான் இந்த வாரக் கதை. தாங்குதிறன் என்பது பல், தின்பண்டம், கிருமி, எச்சில், நேரம் ஆகிய ஐந்தும் வாய்க்குள் சந்திக்கும் இடத்தில் உண்டாகிற ஒன்று, அதைப் பல்லின் தனிச்சொத்தாக எண்ணக்கூடாது என்பது என் கட்சி.

நம்பிக்கைக்கு வலுவான ஆதாரம் தந்தவர் இங்கிலாந்தின் மே மெல்லன்பி. நாய்க்குட்டிகளுக்கு வைட்டமின் டி குறைத்து ஊட்டினால் பற்கள் கோணலாக, எனாமல் சரியாகப் படியாமல் முளைக்கின்றன என்று அவர் காட்டினார். அது உண்மை. ஒழுங்காகக் கட்டப்படாத பல் எளிதில் சொத்தையாகும் என்று அடுத்த படிக்கு அவர் போனபோதுதான் தகராறு தொடங்கியது. அந்த அடுத்த படியை ஆட்டம் காண வைத்த சாட்சிகளில் ஒன்று இந்தியாவிலிருந்து கிடைத்தது. இமயமலை அடிவாரத்தில், அன்றைய பஞ்சாபின் காங்ரா பகுதியில், வைட்டமின் டி இல்லாமல் எலும்பு இளகிப்போன பெண்களின் வாயை டெய்லரும் மார்ஷல் டேயும் சோதித்து 1940இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். இடுப்பெலும்பு வளைந்து நடக்கவே சிரமப்பட்ட பெண்கள் அவர்கள். ஆனால் அவர்களிடம் சொத்தைப் பல் மிகக் குறைவு, பலருக்கு அறவே இல்லை. எலும்பு கரையலாம், பல் நிற்கலாம். உடம்பின் சத்துநிலையும் பல்லின் கதியும் கைகோத்து நடப்பவை என்ற எண்ணத்துக்கு இது சங்கடமான செய்தி. ஆனால் மனிதர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வழக்கு தீராது. காங்ராப் பெண் வேறொரு மண்ணில் வேறொரு சாப்பாடு சாப்பிட்டவள். எது அவள் பல்லைக் காத்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வழியில்லை. பிரித்துப் பார்க்கத்தான் கூண்டு வேண்டியிருந்தது.

கூண்டுக்குள் இருப்பவனின் வாயைக் கொஞ்சம் பார்ப்போம். எலிக்கு மொத்தம் பதினாறு பற்கள். முன்னால் நான்கு வெட்டுப்பற்கள், பின்னால் பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு கடைவாய்ப் பற்கள். பால்பல் கிடையாது, முளைத்ததே கடைசிவரை. பெட்டியையும் பத்தாயத்தையும் குடைகிற முன்பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே தேய்கிறது. வளர்கிற வேகத்தில் அங்கே சொத்தை காலூன்ற நேரமில்லை. சொத்தை விழுவது கடைவாயில்தான், அதிலும் கீழ்வரிசையில் அதிகம். எலி பிறந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் முதல் கடைவாய்ப் பல் ஈறைப் பிளந்து வருகிறது. அதன் மேல்முகத்தில் குறுக்குவாட்டில் மேடும் பள்ளமும் மாறி மாறி ஓடும். பள்ளம் குறுகலானது, ஆழமானது. நாக்கோ எச்சிலோ அதன் அடிவரை எளிதில் போகாது. ஆய்வாளர்கள் சிறு விளக்கைப் பிடித்து எலியின் தாடையைத் திறந்து தேடியது இந்தப் பள்ளத்தின் அடியில் தெரியும் கறுப்பைத்தான்.

அந்தக் கறுப்பை வேண்டும்போது வரவழைக்கும் வித்தையை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் கார்ல் ஹாப்பர்ட் என்ற உயிர்வேதியியலாளர் 1930களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். அவரும் கூட்டாளிகளும் 1932இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே விஷயம் இருந்தது: போதுமான சத்துள்ள உணவை உண்ட எலிகளில் சொத்தை. கரகரப்பாக உடைத்த தானியத்தைப் போட்டால் சொத்தை விழுந்தது. அதே தானியத்தை மாவாக அரைத்துப் போட்டால் விழவில்லை. பின்னாளில் அந்த ஆய்வுக்கூடத்தின் நிலையான உணவாக அமைந்தது இது: நூற்றுக்கு அறுபத்தாறு பங்கு கரகரப்பான நொய்யரிசி, முப்பது பங்கு கொழுப்பெடுக்காத பால்பொடி, மூன்று பங்கு குதிரைமசால் இலைப்பொடி, ஒரு பங்கு உப்பு. குன்னூரின் மதராஸித் தட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரிசி இரண்டிலும் உண்டு. ஆனால் மிச்சிகன் எலிக்குக் கிடைத்த பாலும் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மதராஸி எலி கனவிலும் காணாதவை. அத்தனை பாலைக் குடித்தும் மிச்சிகன் எலிக்குப் பல்லில் ஓட்டை விழுந்தது. காரணம் எளிது, கண்ணால் பார்க்கக்கூடியது. நொய்யின் ஒரு துணுக்கு கீழ்ப்பல்லின் பள்ளத்தில் விழுகிறது. மேல்பல் உலக்கையைப் போல அதை இடித்து இறுக்குகிறது. எச்சில் போகாத அந்த மூலையில் மாவுச்சத்து ஊறி, நொதித்து, புளிக்கிறது. மாவாக அரைத்தால் இறுகுவதற்குத் துணுக்கே இல்லை. சத்துக்கணக்கில் இரண்டும் ஒன்று. பல்லின் கணக்கில் இரண்டும் வேறு. இதைப் படித்துவிட்டு ‘அரிசி பல்லுக்கு ஆகாது’ என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அது வேகாத பச்சை நொய். நாம் உண்பது குழைய வெந்த சோறு. மதுரை ஆலைகளில் அவித்து அரைக்கிற புழுங்கல் அரிசிக்கும் இந்தச் சோதனைக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை.

ஹாப்பர்ட்டோடு ஹாரிசன் ஹன்ட் என்ற விலங்கியலாளர் சேர்ந்ததும் கதை வேறு பக்கம் திரும்பியது. ஒரே நொய்யுணவைத் தின்னும் எலிகளில் சிலவற்றுக்குச் சில வாரத்தில் ஓட்டை விழுகிறது, சிலவற்றுக்கு மாதக்கணக்காகியும் விழவில்லை. ஏன்? இருவரும் 1937இல் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினார்கள். சீக்கிரம் சொத்தை விழுந்த எலியைச் சீக்கிரம் விழுந்ததோடும், தாமதமாக விழுந்ததைத் தாமதமாக விழுந்ததோடும் சேர்த்தார்கள். முதல் ஓட்டை தெரிய எத்தனை நாள் ஆகிறது என்பதே அளவுகோல். நல்ல அளவுகோல்தான், உண்டு, இல்லை என்று சொல்லாமல் எவ்வளவு தாங்கும் என்று கேட்கிறது. எர்வின் என்ற சகாவோடு சேர்ந்து 1944இல் அவர்கள் முடிவை அச்சிட்டபோது இரண்டு வம்சங்கள் தெளிவாகப் பிரிந்துவிட்டிருந்தன. ஒன்று சில வாரத்திலேயே வீழ்ந்தது. மற்றது பல மாதம் தாங்கியது, தலைமுறை ஏற ஏற இன்னும் கூடுதலாகத் தாங்கியது. இரண்டு மூன்று ஆண்டு மட்டுமே வாழும் பிராணிக்கு இது சின்ன வித்தியாசமில்லை. பல் வலிமை பரம்பரைச் சொத்து என்று நம் பாட்டிகள் சொன்னதை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டதுபோல ஆயிற்று. பல்லுக்குள் இருக்கும் சரக்கு என்ற கொள்கைக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடைக்கவில்லை.

அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அந்த வெற்றியின் அடியில் இருந்த மண்ணை மூன்று சோதனைகள் அரித்தன. முதலாவது, ஹார்வர்டில் கைட், ஷா, சோக்னஸ் மூவரும் 1950இல் வெளியிட்டது. சொத்தை வரவழைக்கும் உணவை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுக்காமல் குழாய் வழியாக நேரே இரைப்பைக்குள் செலுத்தினார்கள். உடம்புக்குள் போனது அதே உணவு. இரத்தத்தில் கலந்ததும் அதே சத்து. பல்லில் சொத்தை இல்லை. உணவு பல்லைக் கெடுப்பது உள்ளிருந்து அன்று, வாய்வழியே போகும்போது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. இரண்டாவது, சிகாகோவின் ஃபிராங்க் ஆர்லண்டும் நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் ‘லோபண்ட்’ கூடத்தாரும் சேர்ந்து 1954இல் அறிவித்தது. லோபண்டில் ரெய்னியர்ஸ் என்பவர் எஃகு உருளைகளுக்குள் கிருமியே இல்லாத எலிகளை வளர்த்து வந்தார். தாயின் வயிற்றைக் கிழித்து எடுத்த குட்டிகளைக் கிருமிநீக்கிய அறைக்குள் கையால் பாலூட்டிக் காப்பாற்றித் தொடங்கிய வம்சம் அது. சுவரில் பொருத்திய ரப்பர் கையுறைக்குள் கையை விட்டுத்தான் எலியைத் தொட முடியும். காற்றும் தீனியும் நீரும் கிருமி நீக்கப்பட்டே உள்ளே போகும். அந்த எலிகளுக்குச் சொத்தை உணவை மாதக்கணக்கில் ஊட்டினார்கள். ஒன்றுக்குக்கூடச் சொத்தை விழவில்லை. வெளியே, வழக்கமான கூண்டில், அதே உணவைத் தின்ற எலிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் விழுந்தது. மறு ஆண்டே கிருமியற்ற எலிகளுக்குக் குறிப்பிட்ட பாக்டீரியாவை ஊட்டிப் பார்த்தார்கள், சொத்தை வந்தது. பல்லில் பூச்சி இருக்கிறது என்று கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்த நம் ஊர் வைத்தியத்தை நவீன மருத்துவம் சிரித்து ஒதுக்கியது நியாயம்தான், அந்தப் புகையில் வெளியே வந்து விழுந்த புழு பல்லுக்குள் இருந்ததே இல்லை. ஆனாலும் வாய்க்குள் உயிருள்ள ஏதோ ஒன்று இல்லாமல் சொத்தை இல்லை என்ற அளவில் பாட்டியின் சந்தேகம் வீண்போகவில்லை.

மூன்றாவது சோதனைதான் மிச்சிகன் முடிவை நேரே தாக்கியது. அமெரிக்காவின் பெதஸ்டாவிலுள்ள தேசியப் பல் ஆய்வு நிறுவனத்தில் பால் கீஸ் வெள்ளெலியின் உறவான ஹாம்ஸ்டர்களை வளர்த்தார். ஒரு வம்சத்துக்கு எந்த இனிப்பைப் போட்டாலும் சொத்தை விழவில்லை. ஹன்ட் பார்த்திருந்தால் ‘தாங்கும் வம்சம்’ என்று பெயர் சூட்டியிருப்பார். கீஸ் அவற்றைச் சொத்தை விழும் ஹாம்ஸ்டர்களோடு ஒரே கூண்டில் விட்டார். அவற்றின் புழுக்கையைக் கலந்தும் பார்த்தார். தாங்கும் வம்சம் சொத்தை வம்சமாயிற்று. சொத்தை விழும் தாய்க்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தால் குட்டிகளின் பல் தப்பியது. தாயிடமிருந்து குட்டிக்கு இறங்கியது பல்லின் குணம் என்று நினைத்திருந்தோம். இறங்கியது வாயின் கிருமி. 1960இல் இதை வெளியிட்டபோது, தன் சகா ஃபிட்ஸ்ஜெரால்டோடு சேர்ந்து அந்தக் கிருமி ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றும் காட்டினார் கீஸ். 1924இலேயே லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டு, யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த பாக்டீரியாவுக்கு அதன் பிறகுதான் மவுசு வந்தது. குட்டி தாயிடமிருந்து மரபணுவை மட்டுமா வாங்குகிறது என்ற கேள்விக்கு மதுரையிலும் ஒரு விடை கிடைத்தது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் உயிர்க்கடிகார ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இந்தப் பக்கத்து வயல்களில் வாழும் சிறு சுண்டெலி. வெளிச்சமே மாறாத அறையில் தாய் எலியைக் குறிப்பிட்ட நேரம் வைத்துக் குறிப்பிட்ட நேரம் எடுத்தால், குட்டிகளின் உடற்கடிகாரம் அந்த வருகைக்கும் பிரிவுக்கும் ஏற்ப ஓடுகிறது என்று அவரும் விஸ்வநாதனும் 1985இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்த ஆய்வுக்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரே வளையில் பிறந்து வளர்ந்தவை ஒன்றுபோல் இருந்தால் அது ரத்தத்தால்தான் என்று அவசரப்படக் கூடாது என்பதற்கு மதுரைச் சுண்டெலியும் பெதஸ்டா ஹாம்ஸ்டரும் சேர்ந்தே சாட்சி.

அப்படியானால் ஹன்ட்டும் ஹாப்பர்ட்டும் இத்தனை ஆண்டு வளர்த்தது வெறும் கிருமி வம்சத்தைத்தானா? கீஸின் ரசிகர்கள் பலர் அப்படித்தான் சொன்னார்கள். இங்கே நிதானம் வேண்டும். மிச்சிகன்காரர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடவில்லை. சாமுவேல் ரோசனோடு சேர்ந்து 1961இல் அவர்கள் பதில் எழுதினார்கள்: சொத்தை வம்சத்தின் கிருமி தாங்கும் வம்சத்துக்குப் போய்ச் சேர வழி செய்தாலும், தாங்கும் வம்சம் சொத்தை வம்சத்தின் அளவுக்கு வீழ்ந்துவிடவில்லை. கிருமிக்கு மரபு ஓர் எல்லை கட்டுகிறது. அதற்கு முன்பே, 1956இல், இரு வம்சத்தின் கீழ்க்கடைவாய்ப் பற்களின் பள்ளங்களை அளந்து ஒப்பிட்டிருந்தார்கள். நொய் இறுகும் இடத்தின் வடிவமே மரபால் மாறக்கூடுமே என்பது அவர்கள் சந்தேகம். பின்னாளில் சுண்டெலிகளிலும் இந்த வேறுபாடு தெரிந்தது. கிருமியை வேண்டுமென்றே ஊட்டினாலும் சில ஆய்வக இனங்கள் எளிதில் சொத்தையாகின்றன, சில ஆவதில்லை. அந்த வேறுபாட்டோடு ஒட்டிவரும் குரோமோசோம் பகுதிகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் அடையாளம் காட்டினார்கள், அவை ஒன்றல்ல, பல. எனவே மரபு இருக்கிறது. ஆனால் அது எங்கே வேலை செய்கிறது என்று பாருங்கள்: பள்ளத்தின் வடிவத்தில், எச்சிலின் குணத்தில், ஒரு கிருமிக்குக் குடியிருக்க இடம் கொடுக்கும் தாராளத்தில். கிருமியும் உணவும் வந்து சேராதவரை அந்த மரபுக்கு வேலையே இல்லை. சொத்தைக்கென்றே வளர்த்த இனத்தைக் கிருமியே நுழையாத எஃகு உருளைக்குள் வளர்த்தால் அந்த மரபு என்ன செய்ய முடியும்?

எச்சிலின் பங்கு பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. உமிழ்நீர்ச் சுரப்பிகளை அறுத்தெடுத்த எலிகளுக்கும் ஹாம்ஸ்டர்களுக்கும் சொத்தை தறிகெட்டுப் பெருகும் என்பது 1930களின் இறுதியிலிருந்தே தெரியும். புளிப்பைக் கழுவி, கரைந்த சுண்ணாம்பைத் திரும்பப் பல்லில் படியவைப்பது அதன் வேலை. அந்த வேலைக்கு நேரம் வேண்டும். நேரத்தை அளக்க ஸூரிச்சில் கியூனிக் ஒரு கருவி செய்தார். 1968இல் அதை அறிவித்தார். எலி எப்போது, எத்தனை முறை தின்ன வேண்டும் என்பதை அந்தக் கருவி தீர்மானிக்கும். ஒரு நாளில் கிடைக்கும் இனிப்பின் மொத்த அளவு ஒன்றாகவே இருந்தாலும், அதை அதிக வேளைகளாகப் பிரித்துக் கொடுத்த எலிகளுக்குச் சொத்தை அதிகம். எவ்வளவு தின்றாய் என்பதைவிட எத்தனை தடவை தின்றாய் என்பது பல்லுக்கு முக்கியமான கேள்வி. மதுரையின் டீக்கடைக் கணக்கை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். விடியலில் ஒன்று, பத்து மணிக்கு வடையோடு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, இரவுக் காட்சி விட்டதும் ஒன்று. கிளாஸ் சிறியதுதான், ஒவ்வொரு கிளாஸும் வாய்க்குள் தனியாக ஒரு புளிப்பு வேளை. வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்று சிலர் வாதிடுவார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். அலங்காநல்லூர் ஆலையிலிருந்து வந்ததா, பனையிலிருந்து வந்ததா என்று மியூட்டன்ஸ் விசாரிப்பதில்லை.

என் கட்சிக்கு எதிராகக் கிளம்பக்கூடிய வலுவான ஆட்சேபம் புளூரைடு. ‘நீரில் புளூரைடு இருந்தால் பல் உறுதியாகிறது, சொத்தை குறைகிறது; இது பல்லுக்குள் சேரும் சரக்கு இல்லாமல் வேறென்ன?’ என்று கேட்கலாம். எலியின் சொத்தையைப் புளூரைடு தடுக்கிறது என்று 1938இலேயே மில்லர் காட்டினார். அமெரிக்க நகரங்களின் குடிநீரையும் பிள்ளைகளின் பல்லையும் ஒப்பிட்டு டிரெண்டலி டீன் 1942இல் அதே திசையைக் காட்டினார். நீண்ட காலம் இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம், பல் உருவாகும் பருவத்தில் புளூரைடு எனாமலுக்குள் புகுந்து அதைக் கெட்டிப்படுத்துகிறது என்பது. ஆனால் பல் முளைத்து முடிந்த எலிகளுக்குக் கொடுத்தாலும் அது பலன் தருகிறது. பல்லின் மேற்பரப்பில், எச்சிலில், கொஞ்சமாக எப்போதும் இருந்து, கரைவதைத் தடுத்துத் திரும்பப் படிவதைத் தூண்டுவதே அதன் முக்கிய வேலை என்பது பிற்கால ஆய்வின் பொதுக்கருத்து. அதாவது புளூரைடும் சந்திப்பு இடத்தில் நின்றுதான் வேலை செய்கிறது. உள்ளே புகுந்து சேரும் புளூரைடு என்ன செய்யும் என்பதைப் பார்க்க மதுரைக்காரர்கள் அமெரிக்கா போக வேண்டியதில்லை. வடமேற்கே நிலக்கோட்டை வட்டாரத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் புளூரைடு மிகுந்து, பிள்ளைகளின் முன்பல்லில் பழுப்புப் பட்டை விழுவதைக் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தார் உட்படப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்துக்கு இது புதிதும் அல்ல; கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் ஷார்ட் குழுவினர் நெல்லூர்ப் பகுதியில் எலும்பையும் முடக்கும் புளூரைடு நோயை 1937இலேயே விவரித்துவிட்டார்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய வரம்பு. எலிக்கோ சொத்தை குறையும் பலனைப் பார்க்க அதைவிடப் பல மடங்கு செறிவு தேவைப்படுகிறது. எலிக் கணக்கை அப்படியே குழாய்க்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஒரு எண்ணே போதும்.

இது அடுத்த ஆட்சேபத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது: எலி மனிதன் இல்லை. உண்மை. எலியின் பள்ளம் வேறு, ஆயுள் வேறு. அது தன் புழுக்கையைத் தானே தின்னும் பிராணி, ஒரு கூண்டுக்குள் கிருமி பரவும் வேகம் நம் வீட்டில் இருக்காது. எலியில் வென்று மனிதனிடம் வராமலே போன கண்டுபிடிப்புக்குப் பஞ்சமில்லை. மியூட்டன்ஸுக்கு எதிரான தடுப்பூசி 1970களிலிருந்து எலிகளில் திரும்பத் திரும்பப் பலன் தந்தும், மருந்துக்கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் எல்லாச் சோதனையையும் ஒரே தராசில் போடுவது சோம்பேறித்தனம். எவ்வளவு புளூரைடு, எவ்வளவு பெரிய நொய், எந்த குரோமோசோம் என்ற அளவுக் கேள்விகளுக்கு எலியின் விடை எலிக்கே. சொத்தைக்குக் கிருமி வேண்டுமா, உணவு வாய்வழி போக வேண்டுமா, வேளைகளின் எண்ணிக்கை பொருட்டா என்ற கேள்விகள் வேறு ரகம். அவற்றுக்கு ஆம், இல்லை என்று விடை சொல்லலாம். அந்த விடை எலி, ஹாம்ஸ்டர் என்று பிராணி மாறியும் மாறவில்லை. காங்ராப் பெண்களின் புதிரும் இந்த வெளிச்சத்தில்தான் அவிழ்கிறது. அவர்கள் எலும்பில் வைட்டமின் டி இல்லை; சர்க்கரை அரிதாகவே எட்டிய மலைக்கிராமத்தில் அவர்கள் வாயில் அடிக்கடி புளிப்பும் இல்லை. எலும்பு உள்ளிருந்து வரும் சத்தைக் கேட்டது. பல் வெளியிலிருந்து வரும் தாக்குதலுக்கு மட்டும் கணக்கு வைத்துக்கொண்டது. மதராஸித் தட்டு மெக்கரிசனின் எடைத்தராசில் தோற்றதற்கும், அந்தத் தட்டில் சாப்பிட்டவர்களின் பல்லுக்கும் நேரடிப் பாலம் போடக் கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான். சத்தில்லாத சோற்றுக்காக நான் வாதாடவில்லை. அது செய்த கேட்டை இந்தத் தொடரில் போதுமான அளவு எழுதியாயிற்று. அந்தக் கேட்டின் பட்டியலில் சொத்தையையும் சேர்த்துக்கொண்டு, கால்சியம் மாத்திரையில் விடை தேடுவதைத்தான் மறுக்கிறேன்.

வேளைகளின் எண்ணிக்கையை மனிதரிடமே நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. சுவீடனில் விபெஹோல்ம் என்ற மருத்துவமனையில் 1945இல் தொடங்கி, ஆர்லண்டின் கிருமியற்ற எலிகள் அச்சேறிய அதே 1954இல் அதன் முடிவும் வெளியானது. வேளைகளுக்கு நடுவே ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்குச் சொத்தை பெருகியது என்ற அதன் கண்டுபிடிப்பு எல்லாப் பல் மருத்துவப் பாடநூலிலும் இருக்கிறது. அதில் மிட்டாய் ஊட்டப்பட்டவர்கள் அறிவுவளர்ச்சி குன்றிய உள்நோயாளிகள். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. அந்த மருத்துவமனையையும், ஆய்வின் செலவில் ஒரு பங்கை மிட்டாய்த் தொழில் ஏற்றதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.